அனுப்புநர் யார்? மின்னஞ்சல் நம்பிக்கையின் ஒரு சிறு வரலாறு

உங்கள் மின்னஞ்சலில் ஏதாவது ஒரு கடிதத்தைத் திறந்து 'மூலத்தைக் காட்டு' என்ற தெரிவை அழுத்திப் பாருங்கள். கடிதத்துக்கு மேலே நாற்பது ஐம்பது வரிகளுக்கு ஏதேதோ ஓடும். யாரும் படிப்பதில்லை, படிக்கவும் தேவையில்லை. அந்தக் கூட்டத்துக்குள் 'எஸ்பிஎஃப்' என்ற மூன்றெழுத்தும், பக்கத்தில் 'தேர்ச்சி' அல்லது 'தோல்வி' என்ற ஒரு சொல்லும் இருக்கும். உங்களுக்கு வந்த கடிதம் உள்பெட்டியில் உட்காருமா, எரிதப் பெட்டிக்குள் விழுமா என்று முடிவுசெய்யும் முதல் கேள்விகளில் அது ஒன்று. அந்தக் கேள்வியை வடிவமைத்ததில் முதன்மையானவர் மெங் வெங் வோங் என்ற சிங்கப்பூரர்.

நம்மூர்க்காரர் ஒருவர் உலகத்தின் எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். இதை எங்கேயும் நாம் கொண்டாடியதாகத் தெரியவில்லை. கொண்டாடவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த வரியின் வரலாறு, இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய வரலாற்றோடு இரண்டு மூன்று இடங்களில் உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல்தான் எனக்கு முக்கியம்.

பூட்டில்லாத கதவு

மின்னஞ்சல் எப்படிப் போகிறது என்பதற்கான விதிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி என்று பெயர். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் உரையாடல்தான் அது. ஒன்று 'வணக்கம், நான் இன்னார்' என்கிறது. பிறகு 'இது இன்னாரிடமிருந்து வரும் கடிதம்' என்கிறது. எதிரில் இருக்கும் கணினி 'சரி' என்கிறது. அவ்வளவுதான். நீ உண்மையிலேயே அவர்தானா என்று கேட்பதற்கு அந்த உரையாடலில் இடமே இல்லை.

இதை அசட்டை என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். கிராமத்தில் கதவைச் சாத்தாமல் தூங்குவதுபோல. அப்போதும் ஒருவர் உள்ளே நுழைந்திருந்தார். 1978 மே 3ஆம் தேதி, டெக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், அர்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு ஒரே கடிதத்தில் விளம்பரம் அனுப்பினார். முதல் எரிதம் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் தன் பெயரை மறைக்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, திட்டினார்கள், அடங்கிப்போனது.

பெயரை மறைப்பது அடுத்த கட்டம். அதைவிட மோசமானது அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொள்வது. 1997இல் ஜோ டால் என்பவர் தன் இணையத்தளச் சேவையிலிருந்து எரிதம் அனுப்பிய ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மூடினார். பழிவாங்க, ஜோவே அனுப்பியதுபோல எரிதம் பறந்தது. கோபம் முழுக்க ஜோவின் தலையில் வந்து விழுந்தது. இந்த வித்தைக்கு அவர் பெயரையே வைத்து 'ஜோ ஜாப்' என்றார்கள். அவரைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்திருக்கும். 'என் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை மட்டும்தான்' என்று ஊரறிய ஓரிடத்தில் எழுதிவைக்க அவருக்கு முடிந்திருக்க வேண்டும். அப்படியோர் இடம் அன்று இல்லை.

அந்த நேரத்தில் தமிழ்

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1994இல், சிங்நெட் வழியாக. அடுத்த ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய ஓர் இணையத்தளத்தை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப்பக்கம் திரையில் தெரிந்ததற்குக் காரணம் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர், 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து செய்தார். ஓர் இலக்கியக்காரர் எழுத்துருவைக் கையில் எடுத்த கதை அது. 1999 மே மாதம் காலமானார். கணினியில் தமிழ் நிலைபெற்றதை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

அவர் முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடியது. சிட்னியில் இருந்துகொண்டு பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில் அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மலேசிய முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' கொண்டு தமிழிலேயே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குத் தட்டச்சு செய்யவும் மெய்ப்பு பார்க்கவும் ஆள் சேர்ந்தது மின்னஞ்சல் வழியாகத்தான். 'தகுதரம்' என்ற எழுத்துக் குறியாக்கம் உருவானதும் மின்னஞ்சல் வாதங்களில்தான். 2000 ஜூலையில் இங்கே சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில்தான் உத்தமம் அமைப்பு பிறந்தது. பிறகு யாஹூ குழுமங்களின் காலம் வந்தது: 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்'. இன்றைக்குப் புத்தகம் போட்டிருக்கும் பல எழுத்தாளர்கள் அங்கே ராத்திரியெல்லாம் சண்டை போட்டவர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இணையத் தமிழின் தாய்மடி வலைப்பதிவோ ஃபேஸ்புக்கோ இல்லை. மின்னஞ்சல்தான்.

வடிகட்டிக்குத் தமிழ் தெரியாது

2000ஐ ஒட்டி எரிதம் வெள்ளமானது. வடிகட்டிகள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் கண்ணில் தமிழ் படவே இல்லை என்பதுதான் விஷயம்.

2002 ஆகஸ்டில் பால் கிரகாம் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு சொல்லும் நல்ல கடிதங்களில் எத்தனை முறை வந்தது, எரிதத்தில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, புதிதாக வரும் கடிதத்தின் நிகழ்தகவைக் கணக்கிடு என்றார். அற்புதமான யோசனை. பின்னால் வந்த வடிகட்டிகள் பலவற்றில் அதன் சாயல் இருக்கிறது. நல்ல கடிதத்தைத் தவறாகத் தூக்கி எறிவது, எரிதத்தை உள்ளே விடுவதைவிடப் பலமடங்கு பெரிய பிழை என்பதையும் அவர் அழுத்தியே சொன்னார். ஆனால் அவர் 'சொல்' என்று எதைச் சொன்னார் தெரியுமா? எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு, ஒற்றை மேற்கோள், டாலர் குறி. மற்றதெல்லாம் சொற்களைப் பிரிக்கும் இடைவெளி.

அந்த விதியை அப்படியே எடுத்து, ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஒரு நிரலில் போட்டால் ஒரு தமிழ்க் கடிதம் என்ன ஆகும்? தகுதரத்தில் தமிழ் எழுத்துகள் குடியிருந்தது 128க்கு மேற்பட்ட இடங்களில். ஆங்கிலம் கீழ்ப்பாதியில். ஆகவே கடிதத்தின் தமிழ் முழுக்க வெறும் இடைவெளி. யாராவது அக்காவுக்கு எழுதிய நான்கு பக்கமும் இடைவெளி. மிஞ்சுவது எழுத்துருவின் பெயர், ஓர் இணைப்பு, கடைசியில் ஒரு விளம்பர வரி. அந்த மிச்சத்தை வைத்துக் கடிதத்துக்குத் தீர்ப்பு.

முன்பின் பார்க்காத சொல்லுக்கு கிரகாம் கொடுத்த மதிப்பெண் 0.4. அதாவது தெரியாதவர் மேல் கொஞ்சம் நல்லெண்ணம். பலர் பயன்படுத்திய ஸ்பேம்அசாசின் வடிகட்டி அப்படியில்லை. தலைப்பில் குறியாக்கம் செய்யப்படாத 'முறையற்ற' எழுத்துகள் நிறைய இருந்தால் அதற்குத் தனியாக ஒரு குற்றப்புள்ளி. 'தொலைதூர எழுத்துத் தொகுதி' என்றே ஒரு விதி. எந்த எழுத்துத் தொகுதிகள் உங்களுக்கு ஏற்புடையவை என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மேற்கத்தியம், ஜப்பானியம், கொரியம், ரஷ்யம், தாய், சீனம் ஆகிய ஆறு. தமிழ் இல்லை. இந்திய எழுத்து எதுவுமே இல்லை. சதி எதுவும் கிடையாது. எழுதியவர்களின் பெட்டிக்குத் தமிழ்க் கடிதம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

யுனிகோடு பரவியபின் இந்தச் சிக்கலில் பாதி தானாகவே கரைந்தது. எழுத்து தெரிந்தது. ஆனால் அதற்குள் கேள்வியே மாறிவிட்டது. 'கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது' என்பதிலிருந்து 'யார் அனுப்பியது' என்பதற்கு.

வோங்கின் ஒரு வரி

மெங் வெங் வோங் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1995இல் பாபாக்ஸ் என்ற சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவர். வேலை மாறினாலும் இணைய நிறுவனம் மாறினாலும் உங்களுக்கு ஒரே முகவரி. அங்கே வரும் கடிதத்தை, நீங்கள் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறீர்களோ அங்கே திருப்பிவிடுவார்கள். சிராங்கூன் சாலையில் கடைக்காரர் முகவரிக்கு ஊர்க்கடிதம் வந்து, அவர் மூலமாக ஆளுக்குப் போய்ச் சேர்வது மாதிரி.

பெயரைத் திருடுவதைத் தடுக்கும் யோசனைகள் அப்போது பலரிடம் இருந்தன. பால் விக்ஸி 2002இல் ஒன்று எழுதினார். ஹட்மூட் டானிஷ் ஒன்று, கார்டன் ஃபெசிக் ஒன்று. 2003இன் நடுவில் வோங் இவற்றின் நல்ல பகுதிகளைச் சேர்த்து எஸ்பிஎஃப் ஆக்கினார். முதலில் 'அனுமதிக்கப்பட்ட அனுப்புநர்' என்ற பொருளில் பெயர், பிறகு 'அனுப்புநர் கொள்கைச் சட்டகம்'.

செய்தது இதுதான். ஒவ்வொரு இணையப் பெயருக்கும் டிஎன்எஸ் என்ற பொது முகவரிப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும்தான் அதில் எழுதமுடியும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே ஒரே ஒரு வரி: 'என் பெயரில் கடிதம் அனுப்பும் கணினிகள் இவை.' வரியின் முடிவில் கழித்தல் குறி வைத்தால், 'இவற்றைத் தவிர வேறு எது வந்தாலும் நிராகரி.' அலைக்குறி வைத்தால், 'வேறு எதுவும் வந்தால் சந்தேகப்படு.' ஜோ டாலுக்குக் கிடைக்காமல் போன இடம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எஸ்பிஎஃப் வந்ததால் முதலில் உடைந்தது கடிதத்தைத் திருப்பிவிடும் சேவைகள். அனுப்பியவர் பட்டியலில் திருப்பிவிடுபவரின் கணினி இருக்காதே! வோங் கண்டுபிடித்த பூட்டு அவருடைய கடைக் கதவையே பூட்டியது. திருப்பிவிடுபவர் உறைமேல் முகவரியை மாற்றி எழுத 'எஸ்ஆர்எஸ்' என்று இன்னொரு முறை அதற்காகவே உருவானது.

மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு ஒரு திட்டம் வைத்திருந்தது. இரண்டையும் இணைக்க 2004இல் ஒரு பணிக்குழு கூடியது. மைக்ரோசாஃப்டின் காப்புரிமை நிபந்தனைகளை அப்பாச்சியும் டெபியனும் ஏற்க மறுத்தன. செப்டம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். எஸ்பிஎஃப் தன் வழியில் போய், 2006 ஏப்ரலில் பரிசோதனை நிலை ஆவணமாகவும் 2014 ஏப்ரலில் தர நிலைக்கான ஆவணமாகவும் வெளிவந்தது. வோங் பிறகு சிங்கப்பூர் திரும்பி, தொழில்முனைவோரை வளர்க்கும் ஜேஎஃப்டிஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பின்னர் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தை நிரலாக எழுதும் ஆய்வுக்குப் போனார்.

உறை, முத்திரை, கடிதத்தலைப்பு

எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் மேல் எழுதிய பெயரை மட்டும். உள்ளே கடிதத்தலைப்பில் இருக்கும் பெயரை அல்ல. நமக்குத் திரையில் தெரிவதோ கடிதத்தலைப்பு. திருடன் உறையில் தன் பெயரை ஒழுங்காக எழுதி, உள்ளே வங்கியின் பெயரைப் போட்டால்? எஸ்பிஎஃப் 'தேர்ச்சி' என்றே சொல்லும்.

ஆகவே இரண்டாவது ஏற்பாடு. யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியாகச் செய்ததை இணைத்து 2007 மே மாதம் டிகிம் வந்தது. கடிதத்தின்மேல் போலிசெய்ய முடியாத ஓர் அரக்கு முத்திரை. வழியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை உடையும். மூன்றாவது டிமார்க், 2012 ஜனவரியில் அறிவித்தார்கள். கடிதத்தலைப்பில் உள்ள பெயர், உறையோடு அல்லது முத்திரையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் பெயருக்கு உரியவரே சொல்லிவைக்கலாம்.

2014 ஏப்ரலில் யாஹூ 'பொருந்தாவிட்டால் நிராகரி' என்று எழுதிவைத்தது. உலகம் முழுக்க மடற்குழுக்கள் ஆட்டம் கண்டன. மடற்குழு என்ன செய்யும்? உறுப்பினர் அனுப்பிய கடிதத்தின் தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்க்கும், கீழே இரண்டு வரி ஒட்டும், எல்லாருக்கும் அனுப்பும். வரி ஒட்டியதும் முத்திரை உடைந்தது. அனுப்புவது குழுவின் கணினி என்பதால் எஸ்பிஎஃபும் பொருந்தவில்லை. யாஹூ முகவரிக்காரர் ஒரு கடிதம் போட்டால் ஜிமெயில்காரர்களுக்கு அது போய்ச்சேரவில்லை. கடிதம் திரும்பத் திரும்ப மோதியதால், மடற்குழு மென்பொருள் ஒரு தப்பும் செய்யாத ஜிமெயில்காரர்களைக் குழுவிலிருந்து நீக்கவும் செய்தது. யாஹூ குழுமங்களோ 2020 டிசம்பரில் மொத்தமாகவே மூடப்பட்டன.

பிறகு 2024 பிப்ரவரி. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்குமேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம் என்று ஜிமெயில் சொன்னது. எரிதம் என்று வாசகர்கள் புகார் அழுத்தும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. யாஹூவும் அதே வழியில் வந்தது. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு சேவை வழியாக அனுப்பினால் சந்தேகப் பெட்டிக்குப் போகலாம் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது.

இந்தக் கடைசி விதிதான் எங்கள் வாசகர் வட்டத்தைத் தொட்டது. தேக்காவுக்குப் பக்கத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம். நூற்றைம்பது சொச்சம் முகவரிகள். அழைப்பிதழ் வட்டத்தின் பழைய இலவச முகவரியின் பெயரில், கூட்டாகக் கடிதம் அனுப்பித்தரும் ஒரு சேவை வழியாகப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். "ஆர்வம் போயிடுச்சு, இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஒரு விளக்கம் உலவியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போனில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது: "என்ன தம்பி, கூட்டத்தை நிப்பாட்டிட்டீங்களா? சொல்லவே இல்லையே." அவருடைய எரிதப் பெட்டியில் ஐந்து மாத அழைப்பிதழ்கள் இருந்திருக்கும். முப்பது நாளில் தானாக அழிவதால் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

வட்டத்துக்கென்று ஓர் இணையப் பெயர் வாங்கினோம். எஸ்பிஎஃப் வரி ஒன்று, டிகிம் சாவி ஒன்று, டிமார்க் வரி ஒன்று. ஒரு மாலை வேலை. வராதவர்களை, இறந்துபோனவர்களின் முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டமாக இருந்தது. 'பதில் ஒரு வரி போடுங்க ஐயா, அப்பதான் உங்க பெட்டி எங்களை ஞாபகம் வச்சுக்கும்' என்று எல்லாருக்கும் சொன்னோம். இது நிஜமும்கூட. வாசகர் பதில் எழுதுவது, முகவரியைச் சேமிப்பது, எரிதப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது இவற்றைவிட வலுவான சான்றிதழ் சின்ன அனுப்புநருக்கு வேறில்லை.

இரண்டு வகைச் சான்று

சிங்கப்பூரில் இதே கேள்விக்கு இன்னொரு விடையும் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கி அனுப்பிய உண்மைச் செய்திகளின் அடியிலேயே, அதே வரிசையில் அவை வந்து உட்கார்ந்தன. 790 வாடிக்கையாளர்கள், 13.7 மில்லியன் வெள்ளி. குறுஞ்செய்திக்கும் 1982இன் பூட்டில்லாத கதவுதான் என்பது ஊருக்கே புரிந்தது. அதன்பின் 2023 ஜனவரி 31 முதல், எண்ணுக்குப் பதிலாகப் பெயர் போட்டு அனுப்பும் எந்த அமைப்பும் அரசாங்கப் பதிவகத்தில் பதிந்திருக்கவேண்டும். பதியாத பெயருக்கு மேல் 'மோசடியாக இருக்கலாம்' என்று முத்திரை குத்தப்படும்.

பாதுகாப்பு கூடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் அம்மாவின் கைப்பேசியை நினைத்தால் நானே அதற்கு ஓட்டுப் போடுவேன். ஆனால் பதிய நிறுவன எண் வேண்டும், கட்டணம் வேண்டும். பதினைந்து பேர் கூடிப் படிக்கும் வட்டத்துக்கு இரண்டும் இல்லை. அங்கே நீங்கள் யார் என்பதை ஒரு பதிவகம் சொல்கிறது. எஸ்பிஎஃபில் நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்கிறீர்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, படிவம் இல்லை.

நம் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளைப் பாருங்கள். விளம்பரத்தாள் விழாமல் இருக்க வாயை மூடிக்கொள்ளும் வசதியோடு வந்த பெட்டிகள் அவை. தபால்காரர் தன் சாவியால் மொத்தப் பலகையையும் திறந்து போடுவார். வாய் மூடியிருந்த காலத்தில் துண்டுத்தாள் விநியோகிப்பவர் திரும்பிப் போனார். நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கத்துக் கோயிலின் திருவிழாத் தாளும், தமிழ் நாடகத்துக்கான அழைப்பும் அதே மூடிய வாயின் முன்னால்தான் நின்றன. சாவி யாரிடம் என்பதுதான் எப்போதும் கேள்வி.

வோங்கின் வரிக்கு ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லவேண்டும். அது 'இவர் யார்' என்று மட்டும் சொல்லும். 'இவர் நல்லவர்' என்று சொல்லாது. எரிதம் அனுப்புகிறவனும் சில வெள்ளிக்கு ஒரு பெயர் வாங்கி அதே வரியைப் போடலாம், போட்டார்கள். நல்லவரா என்ற தீர்ப்பு ஒரு சில பெரிய நிறுவனங்களின் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்கு வெளியே தெரிவதில்லை. சின்ன அனுப்புநர்கள் அலுத்துப்போய் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார்கள். நம் பல இலக்கிய அமைப்புகளும் போய்விட்டன. எனக்கு அதில்தான் பயம். வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை இருபது வருடம் கழித்து யார் தேடி எடுக்கமுடியும்? தமிழ்.நெட்டில் எழுதியவர்களிடம் பழைய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன, ஏனென்றால் அவை அவரவர் பெட்டிக்குள் வந்து விழுந்தவை. யாஹூ கடையை மூடினாலும் உங்கள் பெட்டியில் இருந்தது உங்களுடையது.

நா. கோவிந்தசாமி காலத்தில் வேண்டியிருந்தது எழுத்துரு. 'எங்கள் எழுத்தும் திரையில் தெரியவேண்டும்' என்று ஒரு சிறுகதை எழுத்தாளர் நிரலாளரானார். இப்போது வேண்டியிருப்பது அதைவிடச் சின்ன வேலை. அமைப்புக்குச் சொந்தமாக ஒரு பெயர், அதில் மூன்று வரிகள், வந்த கடிதத்துக்கு வாசகர் போடும் ஒரு பதில். உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் கணினி தெரிந்த பிள்ளை ஒருவராவது இருப்பார். கேட்டுப் பாருங்கள். அப்படியே இன்றிரவு ஒருமுறை எரிதப் பெட்டியையும் திறந்து பாருங்கள். முப்பது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.